அறிவித்தல் கூடாரத்தில் ஓர் உண்டியல்

பிரதேச சபையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

திருவிழாக் கடமைப் பட்டியல் ஒட்டப்பட்டதும் உங்களில் இரண்டு பேருடைய முகம் சுருங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். பெயருக்கு நேரே "அறிவித்தல் கூடாரம்" என்று இருந்ததாம். வாகனத் தரிப்பிடம் கிடைத்தவன் உங்களைப் பார்த்துச் சிரித்தானாம். சிரிக்கட்டும். கொதிக்கிற வெயிலில் விசில் ஊதிக்கொண்டு நிற்கும்போது அவனுக்கு விளங்கும்.

நான் பிரதேச சபை நூலகத்தில் வேலை செய்து போன வருடம் ஓய்வுபெற்றவள். வருடம் முழுவதும் "சத்தம் போடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்த என்னிடம், திருவிழா வந்தால் மட்டும் ஒலிவாங்கியைத் தந்து சத்தம் போடச் சொன்னார்கள். குரல் நல்லதாம். உண்மை வேறு. வேறு ஒருவரும் அந்த வேலைக்கு அகப்படவில்லை.

எந்தக் கோவில் என்று எழுதமாட்டேன். தேர் அன்று அரியாலையிலிருந்தும் உடுவிலிலிருந்தும் நல்லூரிலிருந்தும்கூடச் சனம் வந்து இறங்குகிற கோவில் என்றால் உங்களுக்குத் தெரியாதா என்ன? மேற்கு வீதியில், தண்ணீர்ப்பந்தலுக்குப் பக்கத்தில், நாலு தடியும் ஒரு தறப்பாளுமாக நிற்பதுதான் எங்கள் கூடாரம். உள்ளே ஒரு மேசை, ஐந்தாறு கதிரை, ஒலிபெருக்கிக்காரன் யோகன், நான். தொலைந்த பிள்ளை, தொலைந்த பணப்பை, தொலைந்த வீட்டுத் திறப்பு, தொலைந்த மாமியார், எல்லாம் அங்கேதான் வரும். செருப்பை மட்டும் நாங்கள் பொறுப்பெடுப்பதில்லை. செருப்புக்கு இறங்கினால் திருவிழா முடியாது.

"எல்லாற்றை கையிலும் போன் இருக்கே, இந்தக் காலத்திலை உது தேவையோ?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாளாம். தங்கச்சி, தேரன்று காலை ஒன்பது மணிக்கு மேற்கு வீதியில் நின்று உன் அம்மாவுக்கு ஒரு தடவை போன் எடுத்துப் பார். இத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் தேரைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற நேரம் அது. உன் போனில் ஒரு கோடும் நிற்காது.

இந்த வேலை இலவசம். இலவசம் என்பதற்காக இளக்காரமாக நினைக்காதீர்கள். பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஓடி வருகிற தாயிடம் நீங்கள் என்ன கேட்டாலும் தருவாள். காப்பைக் கேட்டால் காப்பு. தாலியைக் கேட்டால் தாலி. இவ்வளவு விலை போகக்கூடிய ஒரு பொருளை உங்களிடம் தந்து, சும்மா கொடு என்கிறார்கள். அதற்குத் தனி நிதானம் வேண்டும். அந்த நிதானம் எனக்கே தவறிப்போன ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன் ஒரு சங்கிலிக் கதை சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நான் கூடாரத்துக்குப் போன முதல் வருடம், ஒரு சாரணர் பையன் மணலில் கிடந்த சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து, "பதக்கத்தில் மயில் பொறித்த தங்கச் சங்கிலி ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது" என்று அழகாக, உறுப்பாக, ஓர் எழுத்தும் சிதையாமல் வாசித்தேன். பத்து நிமிடத்தில் கூடாரத்தின் முன் ஒரு வரிசை. எல்லாருக்கும் மயில் பதக்கம் தொலைந்திருந்தது. இரண்டு பேர் நகைக்கடைச் சிட்டைக்கு வீட்டுக்கு ஆளனுப்பியிருந்தார்கள். யோகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, நீங்கள் என்ன, கேள்வித்தாளோடை விடையையும் சேத்து வாசிச்சுப் போட்டியள்."

வரிசையில் கடைசியாக ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள். மயிலைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. "கொளுக்கி உடைஞ்சது அக்கா. சிவப்பு நூலாலை கட்டியிருந்தனான். நூல் அறுந்திட்டுது போல" என்றாள். சங்கிலியைத் திருப்பிப் பார்த்தேன். அறுந்த சிவப்பு நூல் கொளுக்கியில் தொங்கியது. பொருளின் வடிவு ஊருக்கெல்லாம் தெரியும். பழுது உரியவருக்கு மட்டும்தான் தெரியும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உண்டியலுக்கு வருகிறேன்.

எங்கள் சனத்துக்குச் சும்மா வாங்கத் தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத சனம் இது. ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுக் கொடுக்கும். பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு "போயிட்டு வாங்கோ" என்றால் போகுமா? தாளை மடித்து என் கைக்குள் திணிப்பார்கள். கை மூடினால் கொப்பிக்குள் வைப்பார்கள். கொப்பியை எடுத்தால் கைப்பைக்குள் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஒருவர் என் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டுப் போக, தாளும் நனைந்து தேநீரும் ஊற்றுண்டது. வாங்கினால் அது கைலஞ்சம். வாங்காவிட்டால் அவர்களின் முகம் வாடிப்போகிறது. எனக்கு ஒருபக்கம் கோபம், ஒருபக்கம் பாவம்.

மூன்று வருடத்துக்கு முன்னர் எனக்கு ஒரு மகா யோசனை வந்தது. பழைய பால்மா ரின் ஒன்றை எடுத்து, மூடியில் வாய் வெட்டுவித்து, சிவப்புக் கடதாசி சுற்றி, "தண்ணீர்ப்பந்தலுக்கு நன்கொடை. விரும்பியோர் போடலாம்" என்று என் நல்ல கையெழுத்தில் எழுதி மேசையின் முன்பக்கத்தில் வைத்தேன். என் கைக்கும் பழி இல்லை, தாகத்துக்குத் தண்ணீரும் ஆகும். எவ்வளவு கெட்டித்தனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யோகன் மட்டும் ரின்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, உண்டியல் இருந்தால் வரிசை வரும்" என்றான்.

"வந்தா வரட்டும். ஒழுங்கா நிப்பினம்" என்றேன்.

அவன் சொன்னபடிதான் நடந்தது. இரண்டாம் நாளே சனத்துக்கு அது பழகிவிட்டது. வருவார்கள், முதலில் ரின்னுக்குள் ஒரு தாளைப் போடுவார்கள், பிறகுதான் வாயைத் திறப்பார்கள். "பிறகு போடுங்கோ" என்றாலும் கேட்பதில்லை. அர்ச்சனைச் சீட்டு வாங்கிப் பழகிய கை. நானும் இரண்டு நாள் சொல்லிப்பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

தேரன்று காலை, ஒன்பது மணி இருக்கும். தேர் தெற்கு வீதியில் வந்துகொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் சனத்தை இடித்துக்கொண்டு கூடாரத்துக்குள் வந்தார். பட்டு வேட்டி. கழுத்தில் கமரா. சுவிசிலிருந்து வந்தவர் என்று அவர் சொல்ல முன்னமே தெரிந்தது. வந்ததும் வராததுமாக வெளிநாட்டுத் தாள் ஒன்றை ரின்னுக்குள் தள்ளினார்.

"அன்ரி, எங்கடை அப்பாவைக் காணேல்லை. எவ்வளவு எண்டாலும் தாறன். முதல் எங்கடையைச் சொல்லுங்கோ."

"காசு வேண்டாம் தம்பி. இருங்கோ. அப்பான்ரை பேர்?"

"பேர் சொல்லிப் பிரயோசனம் இல்லை அன்ரி. அவருக்குக் காது கேளாது."

"மிஷின் போடுறவரோ?"

அவர் சட்டைப்பை இல்லாத தன் மேலைத் தடவி, பிறகு இடுப்பில் செருகியிருந்த சிறிய பையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே பஞ்சில் சுற்றிய இரண்டு காது மிஷின்கள். விடியற்காலையில் தகப்பன் பிரதட்டை செய்திருக்கிறார். வீதி மணலில் உருளும்போது விழுந்துவிடும் என்று கழற்றி மகனிடம் கொடுத்திருக்கிறார். குளித்து, வேட்டி மாற்றி, மிஷினை மறந்து, இரண்டு பேரும் தேர் பார்க்க நின்றிருக்கிறார்கள். மகன் கமராவைக் கண்ணில் வைத்து இரண்டு நிமிடம் படம் எடுத்திருக்கிறார். திரும்பிப் பார்க்கத் தகப்பன் இல்லை.

"அப்பான்ரை காது என்ரை கையிலை கிடக்கு அன்ரி" என்று பையை மேசையில் வைத்தார். "அவருக்குச் சீனி வருத்தம். காலமை ஆறு மணிக்கு ஊசி போட்டவர். தேர் பாத்திட்டுத்தான் சாப்பாடு எண்டு பிடிவாதம். இவ்வளவு நேரத்துக்கு அவருக்கு நடுங்கத் துவங்கியிருக்கும். மயங்கி விழுந்தாலும் ஆருக்குத் தெரியப்போகுது? பிரதட்டை எண்டு நினைச்சு விலத்திக்கொண்டு போவினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னது உண்மை. வீதியில் அப்போதும் நாலைந்து பேர் உருண்டுகொண்டுதான் இருந்தார்கள்.

படம் இருக்கிறதா என்று கேட்டேன். போனை எடுத்து நீட்டினார். படத்தில் முழங்கால் மட்டும் பனி. நடுவில் பெரிய கோட்டும், கழுத்தைச் சுற்றிக் கம்பளியும், காதுவரை இழுத்துவிட்ட தொப்பியுமாக ஒரு மூக்கு தெரிந்தது. யோகன் எட்டிப் பார்த்தான்.

"மூக்கைச் சொல்லி அறிவிப்பமோ அக்கா?"

அவனை முறைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தேன். அவசரம் வந்தால் புத்தி பின்னால்தான் வரும் என்பதற்கு அன்று நான் வாசித்ததே சாட்சி. "எழுபத்தெட்டு வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவரைக் காணவில்லை. மெலிந்த தோற்றம். வெள்ளை வேட்டி அணிந்திருப்பார். மேலில் சட்டை இல்லை. நெற்றியில் திருநீறு. காது கேளாதவர். காண்பவர்கள் மேற்கு வீதி அறிவித்தல் கூடாரத்துக்கு அழைத்து வரவும்."

வாசித்து முடித்த பிறகுதான் கண்ணை நிமிர்த்தி வீதியைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளை வேட்டி. ஒருவர் மேலிலும் சட்டை இல்லை. நெற்றியெல்லாம் திருநீறு.

எங்கள் சனம் உதவி என்றால் உயிரைக் கொடுக்கும். கால் மணித்தியாலத்துக்குள் எட்டுப் பெரியவர்கள் கூடாரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். சிலரை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்காத குறையாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் மகன் எழும்புவதும், பார்த்துவிட்டு இருப்பதுமாக இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் மேசையில் கையால் தட்டினார்.

"நான் தொலையேல்லை! என்னைத் தொலைச்சது ஆர் எண்டு சொல்லும் பாப்பம்!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. கூட்டிக்கொண்டு வந்தவை பிழையாய் விளங்கிட்டினம்."

"மூண்டு தரம் எனக்குக் காது கேக்குது எண்டு சொன்னனான். அவங்களுக்குத்தான் கேக்கேல்லை."

இன்னொருவருக்கு நிழலும் கதிரையும் பிடித்துப்போய் எழும்ப மறுத்தார். இன்னும் ஒருவரை இங்கே கொண்டுவந்துவிட்டதால் அவருடைய மனைவி அவரைக் காணாமல் தேடத் தொடங்கிவிட்டார். அதற்குத் தனியாக ஓர் அறிவித்தல். இவ்வளவுக்கும் நடுவில் திறப்பைத் தொலைத்தவர்களும் பணப்பையைத் தொலைத்தவர்களும் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக ரின்னில் தாளைப் போட்டுவிட்டுத் தங்கள் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரிசையில் ஒரு பெண் நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அறுபது வயது இருக்கும். இடுப்பில் கச்சான்கடலை விற்கிற கடகம். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சின்னச் சிலுவை. முன்னால் நின்றவர் தாளைப் போட்டதைப் பார்த்தார். அதற்கு முன்னால் நின்றவர் போட்டதையும் பார்த்திருப்பார். முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்தார். திரும்ப முடிந்துகொண்டார். பிறகு வரிசையை விட்டு விலகிச் சனத்துக்குள் போய்விட்டார். நிழலுக்கு ஒதுங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் கவனம் எட்டுக் கிழவர்களில் இருந்தது.

அதற்குள் தேர் மேற்கு வீதிக்குத் திரும்பிவிட்டது. தேர் எங்கள் பக்கம் கடந்து போகும்வரை ஒலிபெருக்கியை நிறுத்துவது முறை. யோகன் நிறுத்திவிட்டான். மகன் துடித்துப் போனார்.

"அன்ரி, இப்ப சொல்லுங்கோ! நேரம் போகுது! இந்தாங்கோ, இன்னும் போடுறன்..."

திரும்பவும் பணப்பையைத் திறந்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. பணத்தைக் கண்டால் நான் வேகமாக ஓடுவேன் என்று அவர் நம்பும்படி ஒரு ரின்னை முன்னால் வைத்திருந்தேனே, அதன்மேல்.

"தம்பி, பையை மூடுங்கோ. நீங்கள் காசு போட்டாலும் இதைவிடக் கெதியாய் எனக்கு ஓட ஏலாது. போடாட்டிலும் மெதுவாய் ஓடமாட்டன். இந்த மேளத்துக்கையும் அரோகராவுக்கையும் சொன்னாலும் ஒருத்தருக்கும் கேளாது. தேர் போகட்டும். அதுக்குள்ளை எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. அப்பாவிலை மற்றவையிட்டை இல்லாதது என்ன?"

அவர் யோசித்தார். எனக்கு அது மனதில் தைத்தது. ஒரே வீட்டில் தகப்பனோடு இருக்கிறார். சாப்பாட்டு நேரம், ஊசி நேரம், மருந்தின் பெயர் எல்லாம் நாக்கில் நிற்கிறது. தகப்பனின் முதுகில் மச்சம் இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. பனி நாட்டில் சட்டையில்லாத தகப்பனை எங்கே பார்த்திருக்கப் போகிறார்? "அன்ரி, காது கேளாது எண்டதைத் தவிர எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல அழுதார். கோபித்துக்கொண்டிருந்த அதிபர் எழும்பி வந்து அவருடைய தோளில் கை வைத்தார்.

தேர் எங்களைக் கடந்து போனது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிடும்போதுதான் அந்தச் சிவப்பு நூல் ஞாபகத்துக்கு வந்தது. மயிலை எல்லாரும் சொன்னார்கள். கொளுக்கி உடைந்தது என்று உரியவள் மட்டும் சொன்னாள். இந்த மனிதரும் பழுதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்தான் அதை வேட்டிக்கும் திருநீறுக்கும் பின்னால், கடைசி வரியில் போட்டு வாசித்துவிட்டேன்.

யோகன் ஒலிபெருக்கியைப் போட்டான். இந்த முறை நான் கொப்பியைப் பார்க்கவில்லை. "மதிக்கத்தக்க", "அணிந்திருப்பார்" ஒன்றும் இல்லை. வீட்டில் கதைப்பதுபோலக் கதைத்தேன்.

"எல்லாரும் ஒருக்கா நில்லுங்கோ. ஒரு அடி எடுத்து வையாதேங்கோ. உங்களுக்குப் பக்கத்திலை வயசான ஐயா ஆரும் தனிய நிக்கிறாரோ எண்டு பாருங்கோ. நிண்டால் அவற்றை பேரைக் கேளுங்கோ. பேர் சொன்னால் விட்டிடுங்கோ, இங்கை கொண்டு வராதேங்கோ. பதில் சொல்லாமல் நிக்கிறவர்தான் நாங்கள் தேடுற ஆள். அவருக்குக் காது கேளாது. சாப்பிடேல்லை, சீனி வருத்தக்காரர். அவற்றை மகன் இங்கை அழுதுகொண்டு நிக்கிறார். தயவுசெய்து கேளுங்கோ."

நான் என் கண்ணால் பார்த்தேன். மேற்கு வீதி முழுவதும் அப்படியே நின்றது. பிறகு ஒரே இரைச்சல். "ஐயா, உங்கடை பேர் என்ன?" "அப்பு, பேரைச் சொல்லுங்கோ!" என்று வீதியெல்லாம் பெயர் கேட்கும் சத்தம். கூடாரத்துக்குள் இருந்த எட்டுப் பேரும்கூடத் தங்கள் பெயரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் தூரத்துச் சொந்தம் என்று அப்போதுதான் தெரியவந்தது.

ஐந்து நிமிடம் இருக்கும். சனம் விலகி வழி விட்டது. அந்தக் கச்சான்கார அம்மா வந்தார். இடுப்பில் கடகம் இல்லை. ஒரு கையில் மெலிந்த பெரியவர் ஒருவரைப் பிடித்திருந்தார். படத்தில் பார்த்த அதே மூக்கு. மகன் மேசையைத் தாண்டிப் பாய்ந்து தகப்பனைக் கட்டிக்கொண்டார். பெரியவர் மகனின் முதுகில் தட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல, "படம் நல்லா வந்ததோ?" என்று கேட்டார். அவருக்குத் தான் தொலைந்ததே தெரியாது.

நான் அந்த அம்மாவிடம் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரின்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றக் கையில் கடதாசியில் சுற்றிய கச்சான் சரை இருந்தது. பெரிய சரை. அதை மெதுவாக ரின்னுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிள்ளை, என்னட்டைக் காசு இல்லை. இண்டைக்கு இன்னும் யாவாரம் துவங்கேல்லை. இதை எடுப்பியளோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எதுக்கம்மா?" என்றேன்.

"இந்த ஐயா என்ரை குடைக்குக் கீழை வந்து நிண்டவர். பேர் கேட்டன், ஊர் கேட்டன். சிரிச்சாரே தவிர ஒண்டும் சொல்லேல்லை. அப்பவே சொல்லுவம் எண்டு வந்தனான். எல்லாரும் காசு போட்டுத்தான் கதைக்கினம். முடிச்சிலை பஸ்சுக்கு வைச்ச காசுதான் கிடந்துது. அதைப் போட்டால் குருநகருக்கு எப்பிடிப் போறது? அதுதான் திரும்பிப் போனனான். பிறகு நீங்கள் கெஞ்சிக் கேட்டியள். மனம் கேக்கேல்லை. கச்சானை எண்டாலும் குடுத்துச் சொல்லுவம் எண்டு வந்தன்."

பிள்ளைகளே, இந்த வேலையில் எனக்கு எத்தனையோ முறை கண் கலங்கியிருக்கிறது. வெட்கத்தால் கலங்கியது அன்று ஒருநாள்தான். தொலைத்தவர் பணத்தோடு ஓடி வருவார் என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். கண்டெடுத்தவர் எப்படி வருவார் என்று யோசிக்கவே இல்லை. சுவிஸ் மகன் எவ்வளவும் தரத் தயாராக இருந்தார். அவரிடம் இல்லாத ஒரே ஒன்று, தகப்பன் எங்கே என்ற செய்தி. அது இருந்தது பஸ் காசை முடிந்து வைத்திருந்த ஒரு மனுஷியிடம். ஒருவருடைய தகப்பனைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தான் பணம் கட்டவேண்டும் என்று நினைத்து, அதற்கும் தயாராக வந்து நின்றார். நான் வைத்த ரின் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அரை மணித்தியாலம் குந்தியிருந்திருக்கிறது.

"அவருக்கு ஒண்டும் ஆகேல்லையே அம்மா?" என்று யோகன்தான் கேட்டான்.

"வேர்த்துக் கொட்டி, கை நடுங்கினது தம்பி. என்ரை மனுசனுக்கும் உந்த வருத்தம்தான். கண்டவுடனை பிடிபட்டிட்டுது. மூண்டு கச்சான் அல்வா குடுத்தனான். சோடாவும் கடன் சொல்லி வாங்கிப் பருக்கினனான். அந்தோனியாருக்கும் நேந்தனான், இந்த மனுசன்ரை ஆக்களைக் காட்டித் தாரும் எண்டு."

முருகனின் தேர்த் திருவிழாவில் ஆளைத் தேடித் தந்தது அந்தோனியார் என்று சபை அறிக்கையில் எழுத முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலுதவிப் பிள்ளைகள் வந்து பெரியவரைச் சோதித்து, பயமில்லை, இனிச் சோறு கொடுங்கள் என்றார்கள். மகன் தகப்பனுக்குக் காது மிஷின்களைப் பொருத்தினார். அவை கீச்சென்று ஒருமுறை சத்தம் போட்டு அடங்கின. பெரியவர் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கச்சான்கார அம்மாவைக் காட்டிச் சொன்னார்:

"தம்பி, நல்ல குணமான மனுசி. இவ்வளவு நேரமும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊர், பேர் என்று, சாதகம் ஒன்றைத் தவிர எல்லாம் கேட்டிருந்தாராம்.

மகன் பணப்பையைத் திறந்து, இருந்த தாள்களையெல்லாம் அள்ளி அவருடைய கையில் வைக்கப் பார்த்தார். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அல்வாவுக்கும் சோடாவுக்கும் தாங்கோ. மிச்சம் வேண்டாம்."

"அம்மா, என்ரை அப்பாவைக் காப்பாத்தித் தந்திருக்கிறியள்..."

"அது யாவாரம் இல்லைத் தம்பி" என்றார்.

மகனிடம் சில்லறை இல்லை. அந்தக் கணக்கை என் கைப்பையிலிருந்து நான்தான் கொடுத்தேன். கச்சான் சரையையும் திருப்பி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கொண்டுவந்ததை வெறுமனே கொண்டுபோகக் கூடாதாம். அதிபர் முதலாவதாகக் கையை நீட்ட, எட்டுக் கிழவர்களும் யோகனும் நானும் சுவிஸ் மகனுமாக இருந்து அந்தக் கச்சானைச் சாப்பிட்டோம். பெரியவருக்குப் பக்கத்துப் பந்தலில் சோறும் பருப்பும் வாங்கிக் கொடுத்தோம். அன்று பிற்பகல் நாலு மணிவரை அவர் கூடாரத்தில் இருந்து, வந்தவர்களிடமெல்லாம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதுவரை விழுந்ததைத் தண்ணீர்ப்பந்தலுக்குக் கொடுத்துவிட்டு, ரின்னில் ஒட்டியிருந்த என் நல்ல கையெழுத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

ஆனால் ரின்னை எறியவில்லை. இப்போதும் அது கூடாரத்து மேசையில்தான் இருக்கிறது. போனால் பார்ப்பீர்கள். "கண்டெடுத்த திறப்புகள்" என்று எழுதியிருக்கும். வீதியில் திறப்பைக் கண்டெடுப்பவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அதற்குள் போட்டுவிட்டுப் போகலாம். நல்ல வசதி. ஆனாலும் எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியும். திறப்பு கிடைத்த சந்தோஷத்தில், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, ஒரு தாளை மடித்து உள்ளே தள்ளிவிட்டு மறைவார்கள். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். நானும் யோகனும் கடைசி இரண்டு திருவிழாக்களிலும் அப்படித்தான் செய்தோம். நீங்களும் விடாமல் செய்யவேண்டும்.

தாளை வெளியே எடுங்கள். உடனே ஒலிவாங்கியைப் பிடியுங்கள். வடக்கு வீதிவரை கேட்கும்படி, ஆறுதலாக, உறுப்பாக வாசியுங்கள்: "ஒரு தொகைப் பணம் எமது கூடாரத்தில் தவறவிடப்பட்டுள்ளது. இங்கே எந்தச் சேவைக்கும் பணம் இல்லை. உரியவர் வந்து அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்." போட்டவர் எங்கோ நின்று வெட்கப்பட்டுச் சிரிப்பார். அது பரவாயில்லை. அந்த நேரம் வீதியில், முந்தானை முடிச்சில் பஸ் காசோடு நிற்கிற யாரோ ஒருத்திக்கு, வெறுங்கையோடு எங்களிடம் வரலாம் என்று கேட்டிருக்கும்.

எவ்வளவு என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வரிசை வரும்.